பார்த்திருப்பவளுக்கு ஒரு வாய்

சர்ரென்று ஒரு பொட்டலம் கிழிகிற சத்தம். அவ்வளவு போதும். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பிரிக்கும் கடலை மிட்டாயாக இருக்கலாம். கடைவாசலில் யாரோ பல்லால் கடித்துக் கிழிக்கும் ஷாம்பூவாக இருக்கலாம். காது கேட்டதும் கண் தானாகத் தரையைத் தேடுகிறது, சாம்பல் நிறத்தில் ஒன்று வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடி வரும் என்று. கால்கள், செருப்புகள், மழை ஈரம். வேறொன்றும் வருவதில்லை.

அந்தச் சத்தத்தை அம்மாவின் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான். குளியலறை வாசலில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்து, தகடு வைத்துத் தைத்து அனுப்பியபோது, எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அப்பளத்தைத் தூக்கிப் பிடித்ததுபோல அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிந்தது. சுண்ணாம்புச் சத்து போதாது என்றார். அதை எலும்பில் கொண்டு சேர்க்கிற வைட்டமின் டி சுத்தமாக இல்லை என்றார். தினமும் ஒரு கால்சியம் மாத்திரை. வாரத்துக்கு ஒருமுறை ரவை மாதிரி இருக்கும் ஒரு பொட்டல மருந்து, பாலில் கலக்கி.

ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டோம். பாலை இளஞ்சூடாக ஆற்றி, பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டி, கரண்டிக் காம்பால் கலக்கிக் கட்டிலுக்குக் கொண்டுபோவேன். கிழிக்கிற சத்தம் கேட்டதும் அம்மா வளர்க்கும் சாம்பல் பூனை எங்கிருந்தாலும் வந்துவிடும். கிணற்றடியில் இருந்தாலும், மாமரத்தில் இருந்தாலும். அம்மாவின் கட்டிலில் ஏறி, முன்கால்களை ஒட்டவைத்து, டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்காரும். அதற்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். டம்ளரை அம்மா கையில் கொடுத்துவிட்டு என் மடிக்கணினிக்குத் திரும்பிவிடுவேன்.

கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று திருநெல்வேலியில் கணவரிடம் சொல்லிவிட்டு வந்தவள் நான். என் வேலை பிறர் எழுதிய புத்தகங்களில் பிழை திருத்துவது. எங்கிருந்தும் செய்யலாம். எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை என்றால், இங்கிருந்து எழுந்துபோக ஒரு காரணமும் சொல்ல முடியாது. வீட்டைச் சுற்றி வயல். வயலைச் சுற்றி மலை. மலையிலிருந்து இறங்கும் குரங்குகளுக்குப் பயந்து வீட்டின் முகப்பு முழுக்கக் கம்பி கிரில். குரங்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்கும். நான் உள்ளே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பேன். கம்பி இடைவெளியில் உடலை ஒடுக்கி நினைத்த நேரத்தில் போய்வந்தது பூனை மட்டும்தான். அது நழுவிப் போகும்போதெல்லாம் என் விலா எலும்புகள் ஒருமுறை ஒடுங்கிப் பார்க்கும்.

அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஒரு கார்மழையில் வரப்போரம் கத்திக்கொண்டு கிடந்ததை வேலைக்காரர்கள் யாரோ எடுத்து வந்து கொடுத்தார்களாம். சைவ வீட்டில் தயிர்ச் சோறும் பாலும் தின்று, மீன் வாசமே அறியாமல் வளர்ந்தது. அம்மா அதை "ஏட்டி" என்பாள். என்னையும் "ஏட்டி" என்பாள். கட்டிலிலிருந்து அந்தக் குரல் வந்தால் நாங்கள் இருவருமே தலை திருப்புவோம். பெரும்பாலும் அதைத்தான் கூப்பிட்டிருப்பாள்.

முதலில் தண்ணீர். வாழ்நாளெல்லாம் தண்ணீரை முகர்ந்துவிட்டு விலகிப்போன பூனை, குளியலறை வாளியின் விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு குடிக்கத் தொடங்கியது. குடித்துக்கொண்டே இருந்தது. மூலையில் வைத்திருந்த மணல் தட்டு எந்நேரமும் ஈரம். பிறகு சோற்றைத் தொடவில்லை. மணலில் நின்று முக்கி முக்கி ஒன்றும் போகாமல் என்னைத் திரும்பிப் பார்க்கும். கட்டிலுக்குத் தாவ முன்கால்களைத் தூக்கிவிட்டு, யோசித்து, இறக்கிவிடும். நான் தூக்கி வைத்தேன். துணியைத் தூக்குவது போலிருந்தது.

"வயசாயிட்டுல்லா, எனக்க மாதிரி" என்றாள் அம்மா.

"அதுக்கு என்ன வயசும்மா. நேத்தைக்குப் பொறந்தது."

"நானும் நேத்தைக்குத்தான் நல்லா நடந்தேன்."

மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் அதை வைத்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் அது கத்தாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. மிருக டாக்டர் என் வயதுப் பெண். கழுத்தில் இரத்தம் எடுத்தார். பூனையின் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார். இவ்வளவு குடிக்கிறதே என்றேன். குடிப்பதற்கு மேல் போகிறது என்றார்.

முடிவு வந்தபோது அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை.

"இதுக்கு கால்சியம் கூடிக் கெடக்கு."

"கூடுனா நல்லதுதான டாக்டர்? எங்க அம்மைக்குக் கொறஞ்சுல்லா போச்சு."

அவர் சிரித்தார். "அங்க உள்ளத இங்கயும் இங்க உள்ளத அங்கயும் மாத்தி ஊத்த முடிஞ்சா எனக்கும் எலும்பு டாக்டருக்கும் வேலையே இல்ல."

பிறகு சிரிக்காமல் விளக்கினார். எலும்பில் இருக்கும் கால்சியம் வேறு, இரத்தத்தில் ஓடும் கால்சியம் வேறு. இரத்தத்தில் அது ஒரு மெல்லிய கோட்டில் நடக்க வேண்டும். தசை சுருங்குவதும் இதயம் அடிப்பதும் அந்தக் கோட்டில்தான். தாழ்ந்தால் உடம்பு வெட்டி இழுக்கும். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் பூனைகளுக்கு அப்படி வருவதுண்டு. கூடினால் எல்லாம் தளரும். குடல் நகராது. பசி போகும். சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்க மறந்துவிடும். ரொம்ப நாள் அப்படியே இருந்தால் சிறுநீரகத்துக்குள்ளேயே சுண்ணாம்பு படியும். படிந்தது படிந்ததுதான், சுரண்டி எடுக்க முடியாது.

வெந்நீர்ப் பானையின் உட்புறம் எனக்கு நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் பானையில் விடும் அந்த வெள்ளைப் பொருக்கு.

"எதனால டாக்டர் கூடிச்சு?"

"அதைத்தான் தேடணும். சில கட்டிகள் கூட்டும். தொண்டைப் பக்கம் உள்ள சுரப்பி கூட்டும். ஒரு வகை எலி மருந்து கூட்டும். வைட்டமின் டி அதிகமா உள்ள போனா கூட்டும். சில பூனைக்கு ஒரு காரணமும் இல்லாமலே கூடும். தேடித்தேடி காரணம் கெடைக்கலன்னு எழுதி வைக்கதும் உண்டு." பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "வீட்ல வைட்டமின் மருந்து எதுவும் இது வாயில படுமா?"

"படவே படாது. எங்க அம்மைக்க மருந்து எல்லாம் அலமாரியில பூட்டில்லா வச்சிருக்கேன். இன்னா சாவி." கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்த சாவியை எடுத்துக் காட்டினேன். எவ்வளவு பெருமையாகக் காட்டினேன்.

இரத்தத்தில் எதனோடும் ஒட்டாமல் தனியே திரியும் கால்சியத்தை அளந்தால்தான் உறுதி என்று ஒரு குப்பியைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். அதுவும் கூடுதல். படம் எடுத்தார். கட்டி எதுவும் கண்ணில் படவில்லை. பூனையை அங்கேயே வைத்து உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். கூடுதல் கால்சியத்தைக் கழுவி வெளியே தள்ளுமாம். கொஞ்சம் இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஒரு மாத்திரையோடும், ஒரு பை உப்புத் தண்ணீரோடும், ஊசியோடும், டப்பா டப்பாவாகத் தீனியோடும்.

தீனியைத் திறந்ததும் வீட்டில் முதல் சண்டை.

"மாமிசமா ஏட்டி அது?"

"கோழிம்மா. அதுக்கு மருந்து மாதிரி."

"கிணத்தடிக்குக் கொண்டு போ. எனக்குக் கொமட்டுகு. இந்த வீட்டு அடுப்பு இதுவரைக்கும்..." சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, தலைப்புக்குள்ளிருந்தே கேட்டாள். "தின்னுச்சா?"

தின்றது. கொஞ்சம்.

ஊசி போடுவதை வாசல்படியில் வைத்துக்கொண்டேன். பூனையை மடியில் இருத்தி, பிடரித் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அதன் அடியில் குத்த வேண்டும். பையிலிருந்து தண்ணீர் இறங்க இறங்க முதுகில் சின்னத் திமில் ஒன்று வளரும். அது பொறுத்துக்கொள்ளும். நான்தான் பொறுக்கமாட்டேன். திமில் பக்கவாட்டில் சரிந்து, முன்கால் வழியாக வடிந்து மறைய அரைப் பகல் ஆகும். அதுவரை அது தோளில் ஒரு தண்ணீர்ப் பையோடு தள்ளாடி நடக்கும். அம்மா உள்ளே வாக்கரோடு நடந்து பழகுவாள். வாக்கரின் ரப்பர் கால்கள் தரையில் டொப், டொப். வீடு முழுக்கத் தள்ளாட்டம்.

அடுத்த சோதனையில் இறங்கியிருந்தது. எனக்குப் பறக்க வேண்டும் போலிருந்தது. அதற்கடுத்த சோதனையில் மறுபடி ஏறியிருந்தது.

"உங்க வீட்டுலதான் ஏதோ இருக்கு" என்றார் டாக்டர். "இங்க வச்சா இறங்குகு. அங்க போனா ஏறுகு."

எலி மருந்துதான் என்று முடிவுகட்டினேன். கதிர் பால் பிடிக்கும் பருவம். வரப்பெல்லாம் எலி வளை, வளை வாசலெல்லாம் மருந்து வைத்த பொரி உருண்டை. பக்கத்து வயல்காரர் வரப்பில் நடந்து போகும்போதெல்லாம் அவர் முதுகை முறைத்தேன். பழைய கொசுவலையைக் கிழித்துக் கிரில் முழுக்க இறுக்கிக் கட்டினேன். கீழ்க்கம்பி முதல் மேல்கம்பி வரை. பூனையின் வழி அடைந்தது. அது வலையருகே போய் உட்கார்ந்து, நகத்தால் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தது. அன்று மாலையே அடைமழை பிடித்தது. வயல் நிரம்பிப் பாதையில் ஏறியது. பால்காரர்கூட வலைக்கு வெளியே குடையோடு நின்று, சொம்பை நீட்டச் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே மூன்று பேர். ஒருத்தியால் நடக்க முடியாது, ஒருத்தியால் தாவ முடியாது. நடக்கவும் தாவவும் முடிந்த ஒருத்தி, அறைக்கும் அடுக்களைக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தாள். சுவரில் பச்சை பூத்தது. நான் திருத்திக்கொண்டிருந்த புத்தகத்தில் யாரோ இமயமலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய ஒற்றுப்பிழைகளை நான் வெறுத்தேன்.

இதற்கிடையில் அம்மாவின் எலும்பு டாக்டரும் உதட்டைப் பிதுக்கினார். வைட்டமின் இன்னும் ஏறவில்லையே, ஒழுங்காகக் குடிக்கிறார்களா என்று கேட்டார். என் கையால் கலக்கிக் கொடுக்கிறேன் என்றேன். இரண்டு டாக்டர்கள். இரண்டு இரத்தம். ஒரே கூரைக்கடியில் ஒருத்திக்கு ஏற வேண்டியது ஏறவில்லை, ஒருத்திக்கு இறங்க வேண்டியது இறங்கவில்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பழகிய கண் வரியைப் பார்ப்பதில்லை.

மழை விடாத ஒரு ஞாயிறு. பொட்டலத்தைக் கிழித்தேன். பூனை வந்தது, மெல்ல, பின்கால்களை இழுத்துக்கொண்டு. கட்டிலில் தூக்கி வைத்தேன். டம்ளரைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் கரண்டு போயிற்று. பேட்டரி செத்த மடிக்கணினியும் கூடவே அணைந்தது. செய்ய ஒன்றும் இல்லாமல் அறை வாசலுக்குத் திரும்பி வந்து சும்மா நின்றேன்.

அம்மா பாலைக் குடித்துக்கொண்டிருந்தாள். நிதானமாக, ஒவ்வொரு மடக்காக. கடைசியில் கொஞ்சம் நிறுத்தினாள். டம்ளரைச் சுழற்றி அடியில் நின்றதைக் கலக்கினாள். இடது உள்ளங்கையைக் குழித்து அதில் ஊற்றினாள். பூனை நக்கியது. அம்மாவின் கைரேகைகளுக்கிடையில் தங்கிய ரவையையும் விடாமல், சொரசொரவென்று, கண்ணை மூடிக்கொண்டு. கரையாமல் அடியில் நின்றதெல்லாம் அந்தக் கையில்தான் இருந்தது.

"எம்மா. என்ன செய்யுத நீ?"

அவள் திடுக்கிடவில்லை. "ஒரு வாய் குடுத்தேன். குடிக்கத் தொடங்குனதுலேருந்து பாத்துட்டே இருக்குல்லா. குடுக்காம குடிச்சா கொதி பட்டுராதா?"

கொதி. எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது. நீங்கள் தின்பதை ஒருவர் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்து, அவருக்குக் கொடுக்காமல் நீங்கள் தின்றால், அந்தப் பார்வை உங்கள் வயிற்றில் போய் விழும். வயிறு பிடித்துக்கொள்ளும். கொதிக்கு உப்பும் மிளகும் வைத்து ஓதிக் கொடுப்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அதனால் பார்ப்பவருக்கு ஒரு வாய் கொடுத்துவிட வேண்டும். மனுசனானாலும் நாயானாலும். நானே பஸ்ஸில் கைக்குழந்தையோடு எதிரே உட்காருபவரைப் பார்த்தால் தின்னும் பிஸ்கட்டை நீட்டுவேன், என்ன ஏது என்று யோசிக்காமல்.

"எத்தன நாளா நடக்கு இது?"

"நீ என்னைக்கு இந்தப் பாலத் தரத் தொடங்குனியோ அன்னையிலேருந்து."

என் குரல் உயர்ந்துவிட்டது. "அது அதுக்கு வெஷம்மா!"

"வெஷமா?" அம்மா டம்ளரைப் பார்த்தாள். "நீயில்லா கலக்கித் தந்த."

"உனக்கு மருந்து. அதுக்கு வெஷம். உன் ஒடம்பு எங்க, அது ஒடம்பு எங்க?"

"அதுக்கும் எலும்பு உண்டுல்லா."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ வந்தது. பூனை தன் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைக்காமல் அப்படியே மடியில் மலர்த்தி வைத்திருந்தாள்.

"நீ தந்துட்டுப் போயிருவ" என்றாள், என்னைப் பார்க்காமல். "நான் குடிச்சனா, சன்னல் வழி கொட்டுனனான்னு திரும்பிப் பாத்துருக்கியா? அது ஒண்ணுதான் இருந்து பாக்கும். பாக்கவளுக்கு ஒரு வாய் குடுக்கண்டாமா?"

மிருக டாக்டருக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் தாள்களைப் புரட்டும் சத்தம். பிறகு, "காரணம் கெடைச்சாச்சு, அது நல்லதுதான்" என்றார். அந்த மருந்து கொழுப்பில் போய் ஒளிந்துகொள்ளும், இன்றோடு நிறுத்தினாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார். சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது. இனி டப்பாத் தீனி தவிர ஒன்றும் கூடாது. பால் கூடாது. தயிர் கூடாது. ஒரு விரல்நுனி கூடாது.

பொட்டலத்தை நிறுத்தி அம்மாவுக்கு அதையே விழுங்கும் குளிகையாக வாங்கினேன். அது எளிதாக முடிந்தது. தட்டுதான் முடியவில்லை. எலும்புக்காக அம்மாவின் தட்டில் நான் வைப்பதெல்லாம் பாலும் தயிரும் கேழ்வரகுக் கூழும் எள்ளுப்பொடியும். இவளை எழுப்பி நிறுத்தும் ஒவ்வொன்றும் அவளைப் படுக்க வைக்கும்.

"இனி குடுக்கமாட்டேன், போ" என்று சொல்வாள். சொல்லும்போது உண்மையாகவே சொல்வாள். அடுத்த வேளை, தயிர்ச் சோற்றின் கடைசி உருண்டை அந்த இடது உள்ளங்கையில் இருக்கும். கையைப் பிடித்தால் அவளே ஆச்சரியமாகத் தன் கையைப் பார்ப்பாள்.

பூனையை அறைக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். அது கதவைப் பிறாண்டியது. அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"தின்னும்மா."

"அது பாக்கு."

"கதவுக்கு அங்க இருந்து எப்படிப் பாக்கும்?"

"எனக்குத் தெரியும்லா."

அன்று அவள் தின்னவில்லை. மறுநாளும் பாதிதான். அவளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு நான் உட்கார்ந்தேன். "இன்னா நான் பாக்கேன். எனக்கு ஒரு வாய் தா. தந்துட்டுத் தின்னு." உள்ளங்கையில் ஒரு உருண்டை கொடுத்தாள். வாங்கித் தின்றேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தக் கையிலிருந்து. உப்பு குறைவாக இருந்தது. ஆனால் அவள் கண் கதவில்தான் இருந்தது.

"நான் பாத்தா ஆவாதாம்மா?"

"நீ, நான் எவ்வளவு தின்னுகேன்னு பாக்க. அது எனக்க வாயப் பாக்கும்."

குழித்துறையில் இருக்கும் என் தங்கையிடம் போனில் இதையெல்லாம் கொட்டினேன். அவள் மஸ்கட்டில் நர்சாக இருந்துவிட்டு வந்தவள். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கணவரின் கடை, கடைக்கு மேலே வீடு. கட்டிக்கொண்டு போனதிலிருந்து அந்தப் பக்கத்துப் பேச்சு.

"எக்கா, ரெண்டுல ஒண்ண நான் கொண்டு போறேன். அம்மைய எனக்க மாடிப்படி ஏத்த ஒக்காது. பூச்சைய ஏத்தலாம்."

"ஊசி போடணும்டி."

"ஊசி போட்டுத்தான எக்கா நான் இந்த மாடிய கெட்டுனேன். வேற என்ன?"

"யாரும் ஒரு வாய் குடுத்துரப்புடாது."

"எங்க வீட்டுல ஒருத்தரு தின்னத ஒருத்தரு பாக்கதுக்கு எங்க நேரம்? ஆளுக்கொரு போனு. கொதி ஒண்ணும் படாது."

ஊசி முனை குத்துவதைவிட அது எனக்கு வலித்தது, அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள் என்றாலும்.

அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கட்டிலில் அவளோடு பூனையும் படுத்திருந்தது, முதுகில் திமிலோடு. இங்கே இருந்தால் அது செத்துப்போகும் என்று சொன்னேன். உன் கையால் என்ற சொல்லை விட்டுவிட்டேன். விட்ட சொல் அறையிலேயே நின்றது. அம்மா அதன் காதை மடித்தும் விரித்தும் கொண்டிருந்தாள்.

"அவ எப்ப வாறா?"

"நாளைக்குக் காலைல."

"கூடைல துணி போடணும். எனக்க சேல ஒண்ணக் கிழி. அந்த மஞ்சளு."

புது மஞ்சள் அது. கட்டாத மஞ்சள். அதையே எடுத்துக் கிழித்தேன். துணி கிழிகிற சத்தத்துக்கு அது தலையைத் தூக்கிப் பார்த்தது.

பிற்பாடு தங்கை சொன்னாள். அங்கே போய்ச் சில வாரங்களில் கால்சியம் கோட்டுக்குள் வந்துவிட்டது. சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை, ஆனால் ஊசி இடைவெளி கூடியிருக்கிறது. ஆற்றைப் பார்த்த சன்னலில் உட்கார்கிறது. அம்மாவின் எலும்பு டாக்டரும் ஒருநாள் தலையாட்டினார், ஏறியிருக்கிறது என்று. ஏற வேண்டியது ஏறியது, இறங்க வேண்டியது இறங்கியது. நான் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சாப்பாட்டு வேளைக்கு இப்போதும் அந்த நாற்காலியில் உட்காருகிறேன், மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு. ஒரு உருண்டை என் கைக்கு வருகிறது. அவள் வாயைப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கஷ்டமான வேலை.

பூனையை அனுப்பிய அந்தக் காலையில் மழை விட்டிருந்தது. பாதையில் ஏறிய தண்ணீர் வடிந்து, வண்டி வாசல்வரை வந்தது. தங்கை இறங்கும்போதே பேசிக்கொண்டு வந்தாள். "எங்க எக்கா பூச்ச?"

"பூனைன்னு சொல்லதுக்கு ஒனக்கு வாய் வலிக்கோ?" என்றது உள்ளிருந்து அம்மாவின் குரல். "குழித்துறைல போயி எல்லாத்தையும் தொலச்சுப்போட்டா."

"ஒன்னயத் தொலைக்கலல்லா, சும்மா கெட."

பூனையைக் கூடைக்குள் வைத்தேன். மஞ்சளில் ஒருமுறை சுற்றி, படுத்தது. மாத்திரை, ஊசி, உப்புத் தண்ணீர்ப் பை, டப்பாக்கள். எல்லாவற்றையும் தங்கை ஒரு பார்வையில் சரிபார்த்து வண்டியில் ஏற்றினாள். கிரிலில் கட்டிய வலையின் ஒரு மூலையை அவிழ்த்தேன். முடிச்சுகள் மழையில் இறுகியிருந்தன. பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. கிரிலைத் திறந்து கூடையோடு வெளியே கால் வைத்தபோது, இந்தக் கூடையைக் கொடுக்காமல் நானே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடி, வயல் வெளிச்சத்தில் எங்கோ போயிற்று. கூடை என் கையில் லேசாகத்தான் இருந்தது.

பின்னால் டொப், டொப். திரும்பினால் அம்மா. வாக்கரோடு, முன்வாசல்வரை. தங்கை பதறி ஓடி வந்து தோளைப் பிடித்தாள்.

"எம்மா, விழுந்துராத, பொறவு ஒன்னயும் நான் தூக்கிட்டுப் போவண்டி வரும்."

"தள்ளு சவத்த. அந்தக் கூடைய இங்க கொண்டு வா."

கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தேன். மூடியின் ஓட்டைகளுக்குப் பின்னால் இரண்டு கண்கள், அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு. அம்மாவின் இடது கை வாக்கரை விட்டு எழுந்தது. குழிந்தது. வெறுங்கைதான். அதை மூடியின் மேல் வைத்தாள்.

"அங்க போயி ஒருத்தருக்க வாயையும் பாத்துட்டு இருக்காத, கேட்டியா."